பனிநிலத்து நுண்ணுயிரும் நம் பாட்டன்மார் கைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உண்டு. இசை வழங்குவோர் உண்டு. நாடகம் நடத்துவோரும் உண்டு. இரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் எமக்கு இவற்றுள் ஒன்றும் வாராது. செயலாளர் அவர்கள் விடவில்லை. "உலகத்துப் பொருள்களெல்லாம் உங்கள் கண்முன்னே மூட்டையாய்ப் போகின்றன, அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்துவிட்டார்கள். யாம் தேர்ந்துகொண்ட பொருளைக் கேட்டதும் அவர்கள் முகம் சற்று மாறியது. உங்கள் முகமும் மாறலாம். மயிர், இறகு, கொம்பு, குளம்பு, நகம் ஆகிய கழிவுகளைப் பற்றியும், அவற்றை உண்டு செரிக்கும் குளிர்நாட்டு நுண்ணுயிர்களைப் பற்றியும் பேச வந்துள்ளோம்.

விருந்துக்கு முன் பேசத்தக்க பொருளா இது என்று கேட்கலாம். தலையிலிருக்கும் வரை எண்ணெய் பூசிச் சீவி மலர் சூட்டிப் போற்றுகிறோம். உதிர்ந்தபின் அப்பெயரையே வசைச்சொல்லாக வழங்குகிறோம். அப்படி இகழப்படும் பொருளுக்குள் இருக்கும் செல்வத்தையும், அப்பொருளோடு உழன்ற மனிதரின் துன்பத்தையும் ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பது தகும் என்பது எம் கருத்து.

யாம் பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்தியவர்கள். இங்குச் சொல்லப்போகும் அறிவியல் செய்திகளைக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயிலும் எம் மகளிடம் கேட்டறிந்தோம். அவள் சொன்னதில் பிழையிராது. யாம் விளங்கிக்கொண்டதில் பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலில் நம் கண்முன் நிகழ்வதைச் சொல்வோம். மழைக்காலம் தொடங்கியதும் நம் குடியிருப்பை அடுத்த சாக்கடை அடைத்துக்கொள்கிறது. சென்ற ஆண்டு அடைப்பெடுக்க வந்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர் மூங்கில் கழியால் கிளறியபோது யாம் அருகில் நின்றோம். வெளிவந்தது என்ன? நெகிழிப்பைகள், அவற்றுள் முடிச்சிட்டபடியே கோழி இறகு. முடிதிருத்தகத்து மயிரும் அதனோடு பின்னிக் கிடந்தது. சோறும் காய்த்தோலும் அழுகிக் கரைந்துவிட்டன. இறகும் மயிரும் மட்டும் போட்டபடியே இருந்தன. அந்தத் தொழிலாளி கையுறையின்றி அவற்றை அள்ளினார். நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். யாமும் அவ்வாறே நடந்தோம் என்பதை மறைக்கவில்லை.

சோறு கரைகிறது, இறகு ஏன் கரைவதில்லை? விடை அதன் கட்டமைப்பில் உள்ளது. மயிர், இறகு, நகம், கொம்பு, குளம்பு, ஆட்டுக் கம்பளி ஆகியவையெல்லாம் கெரட்டின் என்னும் ஒருவகைப் புரதத்தால் ஆனவை. இறகின் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு இப்புரதமே. பருப்பிலும் பாலிலும் இருப்பதும் புரதந்தான். ஆயினும் அது நம் வயிற்றில் எளிதில் செரிக்கிறது, கெரட்டின் செரிப்பதில்லை.

இதனை எம் தொழில்வழி ஓர் உவமையால் விளக்குவோம். புரதம் என்பது அமினோ அமிலம் என்னும் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சரக்கு வண்டி போன்றது. வயிற்றிலுள்ள செரிமான நொதிகள் இப்பெட்டிகளைக் கழற்றிப் பிரிக்கின்றன. கெரட்டினில் இத்தகைய வண்டிகள் பல, அடுத்தடுத்த தண்டவாளங்களில் நெருக்கமாக நிற்கின்றன. நிற்பதோடன்றி, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே கந்தகச் சங்கிலிகளால் குறுக்கே கட்டப்பட்டும் உள்ளன. இச்சங்கிலிகள் இருக்கும் வரை எந்தப் பெட்டியையும் இழுத்துப் பிரிக்க இயலாது. மயிர் தீயில் பொசுங்கும்போது எழும் அந்நாற்றம் இக்கந்தகத்தின் நாற்றமே.

எகிப்து நாட்டுக் கல்லறைகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வைக்கப்பட்ட உடல்களில் இன்றும் தலைமயிர் இருப்பதற்கு வறண்ட காலநிலையோடு இவ்வுறுதியும் காரணம். பறவையை மழையினின்றும் ஆட்டைக் குளிரினின்றும் காப்பது இவ்வுறுதி. காக்கும்போது நன்மையாவது, கழிவாகும்போது தொல்லையாகிறது.

தொல்லை என்றோம், உண்மையில் அது வீணாகும் செல்வம். இறகில் ஏறத்தாழ 15 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. பயிர் விரும்பும் உரச்சத்து அது. கந்தகச் சங்கிலியை அவிழ்த்துப் பெட்டிகளைப் பிரித்துவிட்டால் உரமும் ஆகும், கோழிக்கும் மீனுக்கும் தீவனமும் ஆகும். இறகை நீராவியின் அழுத்தத்தில் வேகவைத்துத் தூளாக்கும் முறை பல நாடுகளில் உண்டு. அதற்குக் கொதிகலனும் எரிபொருளும் வேண்டும். அன்றியும் கடும் வெப்பத்தில் சில அமினோ அமிலங்கள் கெட்டு, தீவனத்தின் தரம் குறைகிறது. மயிரைக் கரைக்க மனிதன் கண்ட மற்றொரு வழி காரம். அவ்வழியைப் பற்றிச் சொல்லும்போது எம் குடும்பக் கதையையும் சொல்லாதிருக்க முடியாது.

எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கிவிட்டனர். அவர்களை அடுத்துத் தமிழ்த் தொழிலாளர் பலர் அங்கு வந்து சேர்ந்தனர். பந்தராவில் அந்நாளில் ஆடுமாடு அறுக்குங்கூடம் இருந்தமையால் பச்சைத்தோல் அருகிலேயே கிடைத்தது. 1971-ஆம் ஆண்டில் அறுக்குங்கூடம் செம்பூரை அடுத்த தேவனாருக்குச் சென்றது. காலப்போக்கில் தாராவியின் தோல் ஷாப்புகளும் பெரும்பாலும் மறைந்தன. இன்று அங்கு நாம் காண்பன தோற்பை, இடைவார் முதலியவற்றைத் தைக்கும் கூடங்களும் கடைகளுமே.

எம் பாட்டனாரின் வேலை சுண்ணாம்புக் குழியில். உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைப்பார்கள். பின் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் இடுவார்கள். இக்கரைசல் யாம் முன்னர்ச் சொன்ன கந்தகச் சங்கிலிகளை அறுத்து மயிரைக் கூழாக்கிவிடும். பின் தோலைக் கட்டையின்மேல் விரித்து, இருபிடிக் கத்தியால் எஞ்சிய மயிரையும் சதையையும் சீவி எடுப்பார்கள். மாட்டின் மயிரும் கெரட்டின். மனிதனின் நகமும் கெரட்டின். நம் மேல்தோலிலும் கெரட்டினே உள்ளது. மயிரைக் கரைக்கும் கரைசல் கையை மட்டும் விட்டுவிடுமா? பாட்டனாரின் விரல்நுனிகள் வெடித்துக் கிடந்தன; நகங்கள் மெலிந்து மடங்கியிருந்தன. பாட்டியார் இரவுதோறும் தேங்காயெண்ணெயைச் சுடவைத்து அக்கைகளில் பூசுவார்கள். வேலையை விட்டு இருபது ஆண்டுகள் கழிந்தும் அக்கைகள் பழைய நிலையை அடையவில்லை.

இதனை யாம் இரக்கத்தோடு மட்டும் நினைவுகூர இயலாது. எமக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு பொங்கல் விழா விருந்துக்குப் பாட்டனார் எம்மை அழைத்துச் சென்றார்கள். பந்தியில் எம் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த சிறுவன் அவர்களின் கைகளைப் பார்த்து ஏதோ சொல்லி நகைத்தான். உடனே யாம் என்ன செய்தோம்? எம் இலையை எடுத்துக்கொண்டு எதிர் வரிசையில் போய் அமர்ந்தோம். பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. வலக்கையால் உண்டுகொண்டே இடக்கையை மடியில் மறைத்துக்கொண்டார்கள். வீடு திரும்பும்போது வழக்கம்போல் கடலை வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் மறைந்தார்கள். அந்த இடக்கை இன்றளவும் எம் கண்ணை விட்டு அகலவில்லை. இவ்வுரைக்கு இப்பொருளை யாம் ஏன் தேர்ந்தோம் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

சுண்ணாம்புக் குழியின் தீங்கு தொழிலாளியின் கையோடு நிற்பதில்லை. மயிர்க்கூழும் சல்பைடும் கலந்த கழிவுநீர் வெளியேறுகிறது. தோல் பதனிடுவதில் உண்டாகும் நீர்மாசில் பெரும்பங்கு இம்மயிர் நீக்கும் கட்டத்தில் எழுவதாகும். இக்கழிவோடு அமிலம் கலக்குமானால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். மூடிய தொட்டிக்குள் அது சிறிது நேரத்தில் உயிரைப் போக்கும். நம் தாயகத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தின் பாலாறு இதற்குச் சான்று. அவ்வட்டாரத்து மக்கள் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதனைத் துடைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என அத்தீர்ப்பு உறுதி செய்தது.

அதன் பின்னும் துன்பம் ஓயவில்லை. 2015-ஆம் ஆண்டு சனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோற்கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் சேற்றுக்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் அக்கழிவில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி மராட்டிய நாட்டுக்கு வந்தோம். அவர்கள் வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி நம் தமிழகத்துக்கு வந்தார்கள். புலம்பெயர்ந்து வாழும் நாம் அப்பதின்மரை அயலார் என்று எண்ணலாகாது.

இனி நுண்ணுயிர்க்கு வருவோம். இறகு கரையாது என்றோம். ஆயின் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பறவைகள் இறகு உதிர்த்து வருகின்றன. காட்டில் இறகு மலையாகக் குவியவில்லையே! மண்ணில் அதனைச் சிதைப்போர் உள்ளனர் என்பதே அதன் பொருள். எம் மகள் சொற்படி ஒரு தொட்டியில் தோட்டத்து மண்ணையும் சாணத்தையும் கலந்து கோழி இறகைப் புதைத்துவைத்தோம். நான்கு திங்கள் கழித்துத் தோண்டியபோது மெல்லிய பகுதியெல்லாம் மறைந்து தண்டுகள் மட்டும் எஞ்சியிருந்தன. நெகிழிப்பைக்குள் கட்டி எறிந்தால் இம்மண்ணுக்கு அவ்வாய்ப்புக் கிட்டாது.

இத்தகைய நுண்ணுயிர்கள் கெரட்டினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. அதற்குக் கெரட்டினேசு என்று பெயர். அமெரிக்க நாட்டு வட கரோலினா அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஷீ என்னும் அறிஞர், கோழி எச்சத்திலிருந்து எரிவாயு எடுக்கும் தொட்டியில் இறகும் சிதைவதைக் கண்டார். அதற்குக் காரணமான பேசில்லசு வகை நுண்ணுயிரை அவரும் அவர் குழுவினரும் பிரித்தெடுத்து 1990-இல் வெளியிட்டனர். அந்நுண்ணுயிர் வெப்பத்தை விரும்புவது. தொட்டியை ஏறத்தாழ 50 பாகை செல்சியசு வெப்பத்தில் வைத்தல் வேண்டும். தொட்டியைச் சூடாக வைத்திருக்கச் செலவு ஆகும். சிறு ஊர்களிலும் சிறு தொழில்களிலும் அச்செலவே தடையாய் நிற்கும்.

இவ்விடத்தில்தான் குளிர்நிலத்து மண் உதவிக்கு வருகிறது. தில்லிக்கு மாற்றலாகிச் சென்ற நம்மவர் வீட்டுப் பெண்கள் மார்கழியில் தோசைமாவு புளிக்கவில்லை என்று வருந்துவதைக் கேட்டிருப்பீர்கள். குளிரில் மாவின் நுண்ணுயிர்கள் சோம்பிவிடுகின்றன. அதே வேளையில், குளிர்பெட்டியில் வைத்த பாலும் சில நாளில் கெடுகிறதே, அது எவ்வாறு? குளிரிலும் சோம்பாமல் உழைக்கும் நுண்ணுயிர்களும் உள்ளன என்பதே காரணம். அவற்றின் நொதிகள் இறுக்கமின்றி நெகிழ்ந்து வளையும் அமைப்புடையவை. ஆதலால் குறைந்த வெப்பத்திலும் வேலை செய்ய வல்லவை. இந்நெகிழ்ச்சியால் மற்றொரு பயனும் உண்டு. வேலை முடிந்ததும் சற்றே சூடாக்கினால் அந்நொதி தன் உருக்கெட்டு ஓய்ந்துவிடும். தோலின் மயிரை நீக்கியபின் நொதி தோலையே தின்னத் தொடங்காமல் தடுக்க இது பயன்படலாம்.

அண்டார்க்டிக்காவின் மண்ணிலிருந்து கெரட்டினைச் சிதைக்கும் நுண்ணுயிர் வகைகளைப் பல்கேரிய நாட்டு அறிஞர் பிரித்தெடுத்து 2005-இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று வெப்பத்தை விரும்பும் வகை என்பது வியப்பு. பனிநிலத்தில் பிறந்ததெல்லாம் பனியை விரும்பும் என்று முடிவு கட்டலாகாது என அது நமக்குக் கற்பிக்கிறது. பிரேசில் நாட்டு அறிஞர் 2014-இல், அண்டார்க்டிக்காவில் சிதைந்து கிடந்த பென்குயின் இறகிலிருந்து குளிர்தாங்கும் நுண்ணுயிர் மூன்றைக் கண்டு, அவற்றுள் ஒன்றின் நொதியை ஓரளவு தூய்மைப்படுத்தினர். பென்குயின் உதிர்த்த இறகைப் பனிநிலத்திலேயே உண்டு வாழ்ந்த உயிர்கள் அவை.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கவில்லை. அண்டார்க்டிக்காவின் ஷிர்மாக்கர் பகுதியில் இந்தியாவின் மைத்ரி ஆய்வுநிலையம் 1989 முதல் இயங்கிவருகிறது. அப்பகுதி மண்ணிலிருந்து புதிய நுண்ணுயிர் இனம் ஒன்றை ஐதராபாத்து சி.சி.எம்.பி. நிறுவனத்து அறிஞர் எஸ். சிவாஜியும் குழுவினரும் 1992-இல் உலகிற்கு அறிவித்தனர். தோலின் மயிரை நொதியால் நீக்கும் முறையைச் சென்னை அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. சுண்ணாம்பும் சல்பைடும் மயிரைக் கூழாக்குகின்றன. நொதியோ மயிரின் வேரை நெகிழ்த்தி முழுமயிராகவே உதிரச் செய்யும். உதிர்ந்த மயிரை வடிகட்டி எடுத்துத் தனியே உரமாக்கலாம். நீரும் அந்த அளவிற்குக் கெடாது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக் கதை, நடைமுறைக்கு வருமா என்று ஐயுறுவோர்க்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம்.

முதற்சான்று தோல் தொழிலிலேயே உள்ளது. பழங்காலத்தில் மயிர் நீக்கிய தோலை மென்மையாக்குவதற்கு நாயின் மலத்தையும் புறாவின் எச்சத்தையும் வெந்நீரில் கரைத்து அதில் ஊறவைத்தனர். அத்தொழிலாளர் பட்ட அருவருப்பை எண்ணிப் பாருங்கள். அம்மலத்திலுள்ள நொதியே வேலை செய்கிறது என்பது பின்னர்த் தெரியவந்தது. செர்மனி நாட்டு ஓட்டோ ரோம் என்பவர் 1907-ஆம் ஆண்டளவில் விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதற்கு மாற்றாக அளித்தார். மலம் போயிற்று, நொதி வந்தது. ஓர் இழிவு தொழிலிலிருந்து நீங்கியது.

இரண்டாம் சான்று எம் துறையைச் சேர்ந்தது. நீங்கள் அனைவரும் அதன்மேல் அமர்ந்து பயணம் செய்தவர்களே. இரயில் பெட்டியின் கழிப்பறைக்கடியில் இப்போது ஒரு தொட்டி இருக்கிறது. அதில் மலத்தைச் சிதைத்து நீரும் வாயுவுமாக மாற்றும் நுண்ணுயிர்க் கூட்டம் இடப்படுகிறது. பனிமலையில் காவல் புரியும் நம் படைவீரர்களுக்காக இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், அண்டார்க்டிக்கா முதலிய குளிர்நிலங்களிலிருந்து திரட்டிய நுண்ணுயிர்களைப் பழக்கி உருவாக்கிய முறை இது. 2011 சனவரியில் புந்தேல்கண்டு விரைவு வண்டியில் முதன்முதலாக இது பொருத்தப்பட்டது. 2019-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ எல்லாப் பயணிப் பெட்டிகளுக்கும் பரவிவிட்டது. இவை மலத்தைச் சிதைப்பவை. மயிரைச் சிதைக்க ஆனவை அல்ல. ஆயினும் பனிநிலத்தின் நுண்ணுயிர் கல்யாண் சந்திப்பின் வெயிலிலும் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுமோ? 1854-ஆம் ஆண்டு மே முதல் நாள் இவ்வூருக்கு இரயில் வந்தது. பிற்காலத்தில் தலைமுறை தலைமுறையாகத் தண்டவாளத்தில் விழுந்த மலத்தை மனிதர் கையால் கூட்டி எடுத்தனர். அவ்விழிவு பெருமளவு குறைந்துள்ளது.

குறையையும் மறைக்காமல் சொல்லுதல் முறை. இத்தொட்டிகள் அடைத்துக்கொள்வதாக எழுந்த புகார்கள் மிகப்பல என்பதை இந்தியத் தலைமைத் தணிக்கையரின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. அடைத்தது எது? தண்ணீர்ப் புட்டி, துணி, நெகிழிப்பை, குழந்தையின் அணையாடை. நுண்ணுயிர் இவற்றை உண்ணுமா? தொட்டியைத் திறந்து அவற்றைக் கையால் எடுக்க வேண்டிய நிலைக்கு மீண்டும் ஒரு தொழிலாளியே வந்து நின்றார். பனிநிலத்து உயிர் தன் கடமையைச் செய்தது. படித்த பயணியாகிய நாம் நம் கடமையைச் செய்யவில்லை.

அன்பர்களே, இவ்வுரையில் யாம் வலியுறுத்த விரும்புவது இதுதான். எத்துணை வல்லமையுள்ள நொதியும் தனக்குரிய கழிவு தனியே வந்தால்தான் வேலை செய்யும். சாக்கடையில் கிடக்கும் நெகிழிமூட்டைக்குள் எந்த நுண்ணுயிரும் நுழைந்து இறகை உண்ணாது. அறிவியல் செய்ய வேண்டியது பாதி. மறுபாதி நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

அறிவியலின் பாதியும் இன்னும் முழுமையடையவில்லை. கெரட்டினின் பெட்டிகளைப் பிரிக்க நொதி ஒன்று, கந்தகச் சங்கிலியை அவிழ்க்க வேறொரு துணை என இரண்டும் சேர்ந்தால்தான் வேலை விரைவாக நடக்கும். ஷண்டிங் செய்வோர் முதலில் சங்கிலியைக் கழற்றாமல் எஞ்சினை இழுக்கச் சொல்வதில்லை அல்லவா? மயிரைத் தின்னும் நொதி, தோலின் உயிர்நாடியான கொலாசன் என்னும் புரதத்தைத் தீண்டலாகாது. தீண்டினால் தோல் பாழ். நொதியின் விலையும் சுண்ணாம்பின் விலையைவிட மிகுதி. இக்காரணங்களால் தோல் தொழிலில் நொதி, சல்பைடின் அளவைக் குறைக்கும் துணையாகப் பயன்படுகிறதே அன்றி, அதனை எங்கும் முற்றிலும் அகற்றிவிடவில்லை.

விலை மிகுதி என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எம் பாட்டனாரின் பத்து விரல்களை எந்தக் கணக்கேட்டில் எந்தப் பத்தியில் எழுதினார்கள்? பாட்டியார் செலவழித்த தேங்காயெண்ணெயைச் சுண்ணாம்பின் விலையோடு சேர்த்துக் கூட்டியவர் யார்? பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதையும், இராணிப்பேட்டையில் பத்துக் குடும்பங்கள் அழுததையும் கூட்டிப் பார்த்தால் சுண்ணாம்பு மலிவானது என்று சொல்ல நா எழுமா? யாம் நாள்தோறும் பார்சலுக்குக் கட்டணம் கணக்கிடுபவர்கள். எடையைக் குறைத்துக் காட்டி அனுப்பிய மூட்டைக்கும் எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் முதுகு கொடுத்துச் சுமக்கத்தான் செய்கிறார் என்பதை யாம் அறிவோம். அதுபோலவே, விலையில் சேராத சுமையைத் தொழிலாளியின் உடல் சுமக்கிறது.

நம் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறோம்.

ஒன்று, நம் குடியிருப்பைச் சுற்றியுள்ள கோழிக்கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் இறகையும் மயிரையும் நெகிழியோடு கலவாமல் தனியே வைக்குமாறு சங்கத்தின் சார்பில் நேரில் சென்று பேசுவோம். கடைக்காரர் மராத்தியர் ஆயினும், உத்தரப் பிரதேசத்தவர் ஆயினும், நம்மவர் ஆயினும் அன்போடு சொன்னால் கேட்பார்கள். சங்கத் தோட்டத்தின் மூலையில் ஓர் உரக்குழி அமைப்போம். நம் கல்யாண் மண்ணின் நுண்ணுயிரே அவ்வளவு சிறு அளவிற்குப் போதும். காலம் மட்டும் கூடுதலாகும். ஆதார்வாடியில் குப்பை மலையாய்க் குவிந்து எரிந்த புகையைச் சுவாசித்த ஊர் இது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இரண்டு, நம் பிள்ளைகளுள் நுண்ணுயிரியலும் வேதியியலும் பயில்வோர் பலர் உள்ளனர். வெளிநாட்டு வேலைக்கு உதவுமா என்பது ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளாமல், இத்தகைய ஆய்வில் ஈடுபடவும் அவர்களை ஊக்குவிப்போம். எம் மகள் இத்துறையில் மேற்படிப்பு விரும்புகிறாள். "கழிவைக் கிளறவா கல்லூரிக்கு அனுப்பினீர்கள்?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். "ஆம், அவள் கொள்ளுப்பாட்டனார் கையால் கிளறினார், இவள் அறிவால் கிளறட்டும்" என்று விடையிறுத்தோம்.

மூன்று, சாக்கடையில் அடைப்பெடுக்கும் தொழிலாளரையும், தோல் பதனிடும் தொழிலில் உழைத்து முதிர்ந்தோர் தாராவியில் எவரேனும் இருப்பின் அவர்களையும் அடுத்த ஆண்டு விழாவிற்கு அழைப்போம். பின்வரிசையில் அல்ல, இம்மேடையின் முன்வரிசையில் அமர்த்துவோம். பந்தியில் அவர்களுக்குப் பக்கத்து இலையில் அமர யாம் முன்கூட்டியே இடம் கேட்டுவைக்கிறோம். சிறுவயதில் எழுந்து சென்ற இடத்திற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தாவது திரும்பி வந்து அமர வேண்டும் என்பது எம் அவா.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.